உப்பளக் கரையின் உருவங்கள்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் வழியைத் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. தென்னையும் சவுக்கும் விலகி, வரப்பு கட்டிய பாத்திகள் கண்ணுக்கு எட்டும் வரை விரிகின்றன. மரக்காணம் உப்பளங்கள் இவை. விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர எல்லையில், மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் இந்த வெள்ளை நிலத்துக்கு ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கழுவேலி என்னும் உவர்நீர் ஏரி. ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது.

இந்தக் கரையின் அடையாளம் எது என்று கேட்டால் உப்பு என்பதே முதல் விடை. ஒரு தொழில் ஒரு நிலத்தின் முகமாகிவிடும்போது, கலை அந்த முகத்தை எப்படி வரைந்தது என்பதும் அந்த நிலத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாகிவிடுகிறது. மரக்காணத்தை உள்ளடக்கிய சோழமண்டலக் கரைக்கு இவ்வகையில் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அது ஒரே சீராக வளர்ந்ததன்று. தொடக்கத்தில் மிக நெருக்கமாக இருந்த பார்வை, இடையில் நெடுங்காலம் விலகிப் போய், அண்மைக் காலத்தில்தான் மீண்டும் உப்பு வாருகிறவரின் அருகே வந்திருக்கிறது.

உப்பைப் பற்றிப் பேசும்போது தமிழ் உழவின் சொற்களையே எடுத்துக்கொள்கிறது. உப்பு விளைகிறது, அதற்குப் பாத்தி, வரப்பு, மடை எல்லாம் உண்டு. விளைநிலத்தின் பெயர் அளம். சங்கப் புலவர்களும் உப்பு விளைப்போரை ஏர் பூட்டாத உழவர் என்ற பொருளில் பாடினார்கள். வேலையைப் பார்த்தால் அந்த ஒப்புமை மிகை இல்லை என்பது புரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளில் தேங்கிய மழைநீரை வெளியேற்றி, சேற்றை வழித்து, தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். களிமண் தரை சிமெண்டுத் தளம்போல் கெட்டிப்பட்டால்தான் உப்பில் மண் ஏறாது. பிறகு உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குத் திருப்பிவிட, வெயிலும் காற்றும் அதை அடர்த்தியாக்குகின்றன. அடர்த்தி போமே அளவுகோலில் 25 பாகையை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். படிந்ததை நீண்ட கழியில் பொருத்திய வாருபலகையால் இழுத்து வரப்போரம் சேர்ப்பது ஒரு வேலை; அதைத் தலையில் சுமந்து மேட்டில் குவிப்பது மற்றொரு வேலை. சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெயில் ஏறினால் வெண்பரப்பின் கூச்சம் கண்ணைத் தாக்கும் என்பதால் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அடர்ந்த உவர்நீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும். வெடிப்பில் உப்பு இறங்கும். இந்தக் கரையை வரைய வருகிற எவரும் பார்க்க வேண்டியது இவ்வளவும்தான். பார்த்தவர் யார், பார்க்காமல் கடந்தவர் யார் என்பதே மேற்கொண்டு வரும் வரலாறு.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இந்தக் கரையில் பிறந்த நூல். அதன் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கழிகளுக்கு இடைப்பட்ட நாடு என்று பொருள்படும் இடைக்கழிநாடு, மரக்காணத்துக்கு வடக்கே, செய்யூர் வட்டத்தில் அதே பெயரில் இன்றும் ஒரு பேரூராட்சியாக இருக்கிறது. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். தலைநகர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர். அரசனிடம் செல்லும் பாணன் முதலில் கடந்து போக வேண்டிய கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அது மரக்காணம் பகுதியே என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

அந்த எயிற்பட்டினத்தை நத்தத்தனார் காட்டும் விதம் தேர்ந்த ஓவியருடையது. தாழை அன்னம்போல் பூத்திருக்கிறது. செருந்தி பொன்னாகவும் புன்னை முத்தாகவும் தெரிகின்றன. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணம் மிக்க மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப்போல் கரையில் கிடக்கின்றன. அந்தக் கட்டைகளை விறகாக எரித்து நுளைமகள் கள் வடிக்கிறாள். வழிப்போக்கருக்குச் சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. அடுத்து வரும் வேலூரில் புளிச்சோறும் ஆமான் கறியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் பரிமாறப்படுகின்றன. ஒவ்வொரு நிலத்தையும் அதன் மரம், அதன் மக்கள், அதன் உணவு என்று மூன்றால் அடையாளப்படுத்துவதே இதன் முறை. நிலத்தை வெறும் காட்சியாக அவர் எங்கும் வரையவில்லை. நிலம் வரும் இடமெல்லாம் அங்கே வேலை செய்யும் ஒரு கையும் வருகிறது.

நூலின் உப்புக் காட்சி வேறோர் இடத்தில், பாண்டியனின் கொற்கையைப் புகழும் பகுதியில் இருக்கிறது. உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசையோடு ஒரு குரங்கு வருகிறது. அது அவர்களுடைய பிள்ளைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. முத்து கொற்கையின் பெருமை. ஆனால் உப்பு வண்டியில் வளரும் குழந்தைக்கு அது விளையாட்டுப் பொருள். உப்பங்கழிகளின் நடுவே வாழ்ந்த புலவருக்கு இந்தப் படம் அகப்பட்டதில் வியப்பில்லை.

உமணர் வாழ்வின் மிக விரிவான சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. வண்டியின் சக்கரம், அச்சு, கூரை, தொங்கவிட்ட ஊறுகாய்ப் பானை, குழந்தையைத் தாங்கியபடி மாட்டை ஓட்டும் பெண், மாற்று எருதுகளோடு உடன் நடக்கும் ஆண்கள் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒன்றையும் விடாமல் காட்டுகிறார். அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார், நெல்லுக்கு நேராக உப்பு என்று கூவி விற்றுக்கொண்டு தெருவில் நடக்கும் இளம்பெண்ணை நிறுத்துகிறார். அயல் குரலைக் கேட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள், பார்த்து நின்றவன் மனம் பறிகொடுக்கிறான். உப்பு விற்பவள் அகப்பாடலின் தலைவியாக முடிந்த காலம் அது. பிற்காலத் தமிழ்க் கலையில் அவளுக்கு அந்த இடம் நெடுநாள் கிடைக்கவில்லை.

சோழர் காலத்தில் மரக்காணம் அரசு மேற்பார்வையில் உப்பு விளைந்த இடங்களில் ஒன்றாக இருந்தது. அக்காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய பூமீசுவரர் கோயில் ஊரில் இன்றும் நிற்கிறது. கல்வெட்டு வரியையும் கொடையையும் எழுதும். அளத்தில் நின்றவரின் முகம் அதன் வேலைக்கு உட்பட்டதன்று. கோயில் சிற்பிக்கும் கடலோரத் தொழில் கருப்பொருளாகவில்லை. இலக்கியம் அகத்திணையை விட்டுப் பக்திக்குத் திரும்பியபோது நெய்தல் நிலம் தலங்களின் பின்னணி வருணனையாகச் சுருங்கியது.

18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரை வணிகத்தின் போர்க்களமானது. ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இருந்த ஆலம்பரைக் கோட்டையின் படகுத்துறையிலிருந்து சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறின. 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். இந்த ஆண்டுகளின் புதுச்சேரியையும் சுற்றுப்புறத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நாள்தோறும் பதிந்து வைத்தது. அதைக் கொண்டுதான் பிரபஞ்சன் பின்னாளில் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களை எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அதே காலத்தில் இக்கரை மக்களை ஐரோப்பியக் கண்ணும் வரையத் தொடங்கியது. புதுச்சேரியில் தங்கியிருந்த பியர் சொன்னரா 1782இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கைவினைஞரும் தொழிலாளரும் செதுக்கோவியங்களாக வந்தனர். தஞ்சை, திருச்சிப் பகுதி ஓவியர்கள் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்காகத் தொழில் சாதிகளை ஆணும் பெண்ணுமாக, கையில் கருவியோடு, வெற்றுப் பின்னணியில் நிறுத்தி ஆல்பங்களாக வரைந்தனர். ஆடையும் கருவியும் துல்லியமாக இருக்கும் இந்தப் படங்களில் வேலை நடக்கும் இடம் இல்லை. சேறும் வெயிலும் களைப்பும் அகற்றப்பட்டு மனிதர் ஒரு மாதிரியாக மட்டும் நிற்கிறார். தொழிலாளியின் அடையாளம் பட்டியலாக மாறியது இங்கேதான். இதே பார்வை நிர்வாகத்திலும் வேலை செய்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியின் தனியுரிமையானது. தன் ஊர்க் கழியில் தானாக உறைந்த உப்பைக்கூட அள்ளினால் குற்றம் என்ற நிலை வந்தது. 1876-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக விரிவாக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் பெயரைப் பெற்ற கால்வாய், உப்பையும் விறகையும் படகில் சென்னைக்குக் கொண்டுபோகும் வழியாயிற்று.

1930இல், உப்பு வரியை எதிர்த்த சத்தியாக்கிரகத்தால், உப்பு தேசத்தின் சின்னமானது. தண்டிக்குக் காந்தி நடந்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தனர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய பாட்டு அந்த நடையின் பாட்டானது. ஓவியத்தில் இதன் முதன்மையான படம் நந்தலால் போஸ் அதே ஆண்டு லினோ தகட்டில் செதுக்கிய, கைத்தடியோடு நடக்கும் காந்தி. கறுப்பு நிலத்தில் சில வெள்ளைக் கோடுகளே கொண்ட அந்தப் படத்துக்கு இணையான எளிமை இந்திய அச்சோவியத்தில் அபூர்வம். சிற்பத்தில் இந்தக் கருவை எடுத்துக்கொண்டவர் சென்னையோடு பிணைந்தவர். 1929இல் சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, டெல்லியில் நிற்கும் 'பதினொரு உருவங்கள்' என்ற உப்பு யாத்திரைச் சிற்பத்தை உருவாக்கினார். 1975இல் அவர் மறைந்த பிறகே அது நிறுவப்பட்டது. மெரினாவில் நடக்கும் காந்தியும், 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும் அவருடையவைதான்.

இந்தச் சிற்பங்களில் நடை இருக்கிறது, உறுதி இருக்கிறது. உப்பு இல்லை. உழைப்பாளர் சிலையின் நால்வர் புரட்டுவது பாறையை. மெரினாவுக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் உப்புச் சுமந்துகொண்டிருந்தும், உழைப்புக்கு உருவம் தேடிய கலை அங்கே போகவில்லை. சத்தியாக்கிரகம் உப்பை மிக உயர்ந்த இடத்தில் வைத்தது. அந்த உயரத்திலிருந்து அளத்தில் வேலை செய்பவர் தெரியவில்லை. வரி போன பிறகும் பாத்தியில் அதே வேலைதான் தொடர்ந்தது.

ராய் சௌத்ரிக்குப் பின் 1957இல் கலைப் பள்ளியின் தலைமைக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர், அடையாளம் என்ற கேள்வியைச் சென்னை ஓவியத்தின் மையத்தில் வைத்தவர். ஐரோப்பிய நவீனத்தைக் கற்ற இந்திய ஓவியன் தன் மண்ணை எதைக் கொண்டு சொல்வான் என்பதே அவருடைய கேள்வி. 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறிகளும்' வரிசையில் எழுத்தையும் ஜாதகக் கட்டத்தையும் கணிதக் குறியையும் வண்ணப் பரப்பில் நிரப்பி அவர் விடை தேடினார். 1966இல் அவரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் விற்று நிமிர்ந்த கிராமம் அது. அது நிற்பது மரக்காணத்துக்குப் போகும் அதே கடற்கரையில். அதன் பெயரே இந்தக் கரையின் பெயர்.

ஆனால் அங்கே பிறந்த கலையின் வழி வேறாக இருந்தது. ஜே. சுல்தான் அலி பழங்குடிப் படிமங்களிலும், பி.வி. ஜானகிராம் தகட்டு உலோகத்தில் எழுந்த தெய்வ உருவங்களிலும் வேர்களைத் தேடினர். கோடே தென்னிந்தியக் கலையின் உயிர் என்ற எண்ணம் இந்தச் சென்னை ஓவிய இயக்கம் முழுவதையும் இணைத்தது. தொன்மமும் கைவினையும் எழுத்தும் அடையாளமாயின; கிராமத்தின் சுவருக்கு வெளியே வலை இழுத்தவரும் உப்புச் சுமந்தவரும் அரிதாகவே பொருளாயினர். இயக்கத்தின் சாதனையை இது குறைக்காது. எனினும் ஒரு கடற்கரையில் வாழ்ந்த கலைஞர் கூட்டம் அந்தக் கரையின் தொழிலை ஏறத்தாழக் கடந்து போனது என்பதைப் பதிந்துதான் ஆக வேண்டும். கரையையே பொருளாக்கியவராக ஒருவரைச் சொல்லலாம். கிராமத்தின் நிறுவன உறுப்பினராக இருந்து 1968இல் பாரிசுக்குப் போன வே. விசுவநாதன், இந்தியக் கடலோரம் நெடுகிலும் மணல் சேகரித்து, பிறகு 'மணல்' என்ற படத்தையும் எடுத்தார். நிலத்தின் பொருளைக் கையில் அள்ளிப் பார்க்கும் அந்தச் செயல் நெய்தலுக்கு மிக அருகில் வருகிறது.

தமிழின் மற்றொரு நிலத்துக்கு இந்த நெருக்கம் முன்பே கிடைத்திருந்தது. கி. ராஜநாராயணன் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு கே.எம். ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்கள் கரிசல் மனிதரின் முகத்தை வாசகர் மனத்தில் நிலைக்கச் செய்தன. எழுத்தும் கோடும் சேர்ந்து ஒரு வட்டாரத்தை அடையாளப்படுத்திய அப்படியொரு கூட்டு உப்பளக் கரைக்கு வாய்க்கவில்லை.

தொழிலும் மொழியும் பிணைந்த ஒரு சிறிய நாட்டின் கலை இதே சிக்கலை எப்படிச் சந்தித்தது என்பதை வேல்சில் பார்க்கலாம். பிரிட்டனின் மேற்கே உள்ள அந்நாட்டின் முகம் தெற்கில் நிலக்கரியும் வடக்கில் சிலேட்டுக் கல்லும். போலந்தில் பிறந்து அகதியாக வந்த யோசெப் ஹெர்மன், 1944இல் ஒரு சுரங்க ஊருக்குப் போய் 11 ஆண்டுகள் அங்கேயே தங்கினார். சுரங்கத் தொழிலாளர் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர். குனிந்து அமர்ந்திருக்கும் கனத்த உருவங்களாக அவர் வரைந்த அவர்களே 1951ஆம் ஆண்டின் பிரிட்டன் விழாவுக்கான பெரிய ஓவியமாயினர். அடுத்த தலைமுறை மொழியை எடுத்தது. 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் தொங்கவிட்ட தண்டனைக் கட்டையை நினைவூட்டி, 1977இல் ரெக்ஸாம் நகரில் நடந்த தேசியக் கலை விழாவில் பால் டேவிஸ் ஒரு தண்டவாளக் கட்டையைத் தூக்கி நின்றார். இவான் பாலா போன்றவர்கள், பண்பாட்டைக் காத்து நிற்பதே கலையின் பொறுப்பு என்ற எண்ணத்தை வரைபடங்களாகவும் எழுத்தாகவும் வளர்த்தனர். 2021இல் வடமேற்கு வேல்சின் சிலேட்டு நிலப்பரப்பு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அப்போது சுரங்கங்கள் பெரும்பாலும் ஓய்ந்திருந்தன. மரக்காணத்தின் நிலை இதற்கு நேர்மாறு: தொழில் உயிரோடு இருக்கிறது, அதைக் காட்டும் கலைதான் மெலிந்து இருக்கிறது.

நவீனத் தமிழில் உப்பளத் தொழிலாளியை மையத்துக்குக் கொண்டுவந்தது ஓவியமன்று, நாவல். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. களம் தூத்துக்குடி. எழுதுமுன் அந்த இடத்துக்கே சென்று தங்கி, தொழிலாளரோடு பழகிப் பொருள் சேர்ப்பது அவருடைய வழக்கம். மீனவர் வாழ்வைச் சொல்லும் 'அலைவாய்க் கரையில்' நாவலும் அப்படி உருவானதே. உப்புக் காய்த்த கால், கூலி பிடித்தம், கண்காணியின் கெடுபிடி, குடிநீர் இல்லாத அளம், பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று சத்தியாக்கிரகச் சிற்பங்கள் காட்டாத எல்லாவற்றையும் அந்த நாவல் காட்டியது. அம்மூவனாரின் உப்பு விற்கும் பெண்ணுக்குப் பிறகு அவளுடைய வழித்தோன்றல்கள் தமிழ் இலக்கியத்தில் முழு மனிதராக நடமாடியது இங்கேதான் என்று சொல்வது மிகையாகாது. பின்னர் தூத்துக்குடியிலிருந்தே எழுதிய ஸ்ரீதர கணேசனின் 'உப்பு வயல்' அந்த வாழ்வை உள்ளிருந்து சொன்னது. வெளியிலிருந்து வந்த பரிவும் உள்ளிருந்து எழுந்த குரலும் வேறு வேறு, இரண்டும் வேண்டும்.

காட்சிக் கலையில் திருப்பம் கேமரா வழியாக வந்தது. இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. உப்பளம் படமெடுக்க மிக வசதியான இடம். வெண்குவியல், நீல வானம், பாத்தி நீரில் விழும் பிம்பம், விடியல் ஒளியில் தலைச்சுமையோடு நிழலுருவாக நடக்கும் பெண்கள் என எல்லாம் தாமாகவே சட்டகத்துக்குள் வந்து அமரும். சாலையோரம் வண்டியை நிறுத்தி எடுக்கப்படும் மரக்காணப் படங்களில் பெரும்பகுதி இந்த வகை. அவற்றில் பெண்ணின் முகம் இருட்டாகவே இருக்கும், ஏனென்றால் நிழலுருவுக்கு முகம் தேவையில்லை. அழகு பொய்யில்லை, ஆனால் அந்த அழகான ஒளியில் அவர் வேலை செய்வது, பிறகு வரும் வெயிலில் செய்ய முடியாது என்பதால்.

இதிலிருந்து விலகி நின்ற படங்களும் வந்தன. மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார், கையால் மலம் அள்ளும் தொழிலாளரையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரையும் தொடர்ந்து படமெடுத்தவர். ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகமான பாரியில் அபர்ணா கார்த்திகேயன் எழுதிய உப்பளக் கட்டுரைக்கு அவர் எடுத்த படங்களில் கை, கால், கருவி, வியர்வை எல்லாம் அருகில் தெரிகின்றன. பெண்கள் நேராகப் பார்க்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. கும்பினி ஆல்பங்களில் மாதிரியாகவும், சுற்றுலாப் படங்களில் நிழலாகவும் இருந்தவர் இங்கே ஆளாகிறார். குஜராத்தின் சிறிய கட்ச் பாலையில் ஒரு குடும்பம் எட்டு மாதம் தங்கி உப்பு விளைப்பதைப் பொறுமையாகப் பின்தொடர்ந்த ஃபரீதா பாச்சாவின் 2013ஆம் ஆண்டு ஆவணப்படம் 'என் பெயர் உப்பு' இதே மனப்போக்கின் திரை வடிவம். உப்பு படியும் வேகத்தில் படமும் நகர்கிறது.

இசையும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது, மரக்காணத்துக்கு வடக்கே எண்ணூரில். கழியும் அலையாத்தியும் உப்பளமும் இருந்த எண்ணூர், அனல் மின் நிலையச் சாம்பலாலும் தொழிற்சாலைகளாலும் தன் முகத்தை இழந்தது. 2017இல் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' அந்த இடத்தில் நின்றே படமாக்கப்பட்டது. சொற்கள் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. வசைச்சொல்லாகிவிட்ட புறம்போக்கு என்ற சொல்லை ஊர்ப்பொது நிலம் என்ற பழைய பொருளுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது அதன் பெரும்பணி. கருநாடக இசையின் இராகங்கள் சாம்பல் படிந்த கழிக்கரையில் ஒலித்தபோது, பயனற்றது என்று வரைபடத்தில் ஒதுக்கப்பட்ட உவர்நிலம் பாடற்பொருளானது. சங்க காலத்தில் நெய்தலுக்கு இருந்த தகுதி அது.

மரக்காணத்தின் கழியும் இதே ஆண்டுகளில் பெயர் பெற்றது. கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 எக்டேர். அதன்பின் பூநாரைகளும் உள்ளான்களும் இக்கரையின் படங்களில் பெருகின. அடுத்த ஆண்டு தமிழ்நாடு உப்பு நிறுவனம் 'நெய்தல்' என்ற பெயரில் உப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 2022இல் மழைக்கால வேலையிழப்புக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டமும் தொடங்கியது. சங்கத் திணையின் பெயர் ஒரு பொட்டலத்தின் மேல் அச்சாகிக் கடைக்கு வந்தது கவனிக்கத்தக்கது. இலக்கியம் தந்த அடையாளம் எவ்வளவு ஆழமாக மனத்தில் பதிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று, நல்லதுதான். பெயரோடு சேர்த்து நத்தத்தனாரின் முறையும் நினைவுக்கு வந்தால் இன்னும் நல்லது. அவருடைய நெய்தலில் மரமும் மீனும் மட்டும் இல்லை, கள் வடிக்கும் நுளைமகளும் இருந்தாள்.

வரையப்படக் காத்திருப்பவை மரக்காணத்தில் ஏராளம். கழியில் ஏற்றம் இறைத்து நீர் பாய்ச்சிய தலைமுறையின் நினைவு, எஞ்சின் வந்த பிறகு மாறிய வேலை நேரம், பாத்தி மிதிக்கும்போது வரிசையாக நகரும் கால்களின் தாளம், கருவிகளின் பெயர்கள், உவர்நீரை நாவில் தொட்டுப் பதம் சொல்லும் திறமை ஆகியவற்றுக்கு அருங்காட்சியகமோ ஓவிய வரிசையோ இல்லை. கால்வாயில் உப்புப் படகுகள் ஓய்ந்து லாரிகள் வந்துவிட்டன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இந்தப் பகுதியில் கரை கடந்தபோது உப்பளங்கள் மூழ்கி, பாத்திக்கும் கழிக்கும் வேறுபாடு இல்லாமல் போனது.

ஐப்பசியில் முதல் மேகம் திரண்டதும் விளைச்சல் முடிகிறது. விற்காமல் நிற்கும் குவியல்களை ஓலையோ தார்ப்பாயோ கொண்டு மூடி, ஓரங்களில் மண் அணைத்து விடுகிறார்கள். சாலையில் போகிறவருக்கு அப்போது வெள்ளை எதுவும் தெரியாது. வரிசை வரிசையாகக் கூரை வேய்ந்த சிறு குடிசைகள்போல் அவை மழையில் நனைந்துகொண்டு நிற்கும். தை பிறந்து தரை காய்ந்ததும், பாத்தி மிதிக்கக் கால்கள் மீண்டும் சேற்றில் இறங்கும்.